வாசலுக்கு வந்த வடிகட்டியும் எட்டு மாதமாக வராத சலவை இயந்திரமும்

சிங்கப்பூரின் யீஷூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 39, கப்பல் பட்டறையில் பொறியாளர். மனைவி பாலர் பள்ளியில் வேலை செய்கிறார். ஆறு வயதில் ஒரு மகள். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. இவர் வேலையிலிருந்து வரவில்லை. கழுத்தில் அட்டை மாட்டிய இருவர் கதவைத் தட்டி, "இந்த புளோக்கில் தண்ணீரைச் சோதிக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். மனைவி உள்ளே விட்டிருக்கிறார். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் ஊற்றி, கம்பி வைத்த ஒரு கருவியை முக்கியதும், குழாய் நீர் இருந்த குவளை பழுப்பாகிவிட்டது. அவர்கள் கொண்டுவந்த வடிகட்டிய நீர் தெளிவாகவே இருந்தது. மகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி வருவதை மனைவி பேச்சுவாக்கில் சொல்ல, அதைப் பிடித்துக்கொண்டார்கள். முக்கால் மணி நேரத்தில் 2,880 வெள்ளி வடிகட்டிக்குக் கையெழுத்து. மாதம் 120 வெள்ளி வீதம் 24 தவணை, கணவரின் கடன் அட்டைக்கு உரிய துணை அட்டையில். இயந்திரத்தை அடுத்த வாரம் வந்து மாட்டுவார்கள்.

இவர் கோபத்தோடுதான் எழுதியிருக்கிறார். "நான் ஒரு பொருள் வாங்கினால் மாதக்கணக்கில் ஆராய்ந்து வாங்குவேன். சலவை இயந்திரத்துக்கு 14 மாடல்களை எட்டு மாதமாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இவள் முக்கால் மணி நேரத்தில் மூவாயிரம் வெள்ளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்." அப்புறம் நான்கு கேள்விகள். குடும்பத் தலைவரான தான் கையெழுத்துப் போடாததால் ஒப்பந்தம் செல்லாதுதானே? எந்தப் பொருளையும் ஏழு நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று நண்பர் சொன்னது சரியா? தன் அட்டையில் வாங்கியதால் பொருள் தனக்குத்தானே சொந்தம்? இனிமேல் 500 வெள்ளிக்கு மேல் எதை வாங்கினாலும் தன் அனுமதி வேண்டும் என்று மனைவியிடம் எழுதி வாங்கினால் சட்டப்படி செல்லுமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்ததால், செய்ய வேண்டிய அவசர வேலையை மட்டும் அன்றே உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். அதையும் மற்றதையும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். இதே கதவுதட்டல் வேறு பல வீடுகளிலும் நடக்கிறது.

முதலில் உங்களுக்குப் பிடிக்காத பதில். நீங்கள் கையெழுத்துப் போடாததால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. சிங்கப்பூரில் திருமணமான பெண் தன் பெயரில் சொத்து வாங்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்குப் போடலாம், அவர்மேலும் வழக்குப் போடலாம். கணவரின் ஒப்புதல் எதற்கும் தேவையில்லை. 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் என்ற சட்டம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அதே சாசனத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. குடும்பத்தை நடத்துவதில் கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை உண்டு என்கிறது அந்த வரி. ஆகவே 'குடும்பத் தலைவர்' என்ற சொல்லுக்கு உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இடம் உண்டு. ஒப்பந்தச் சட்டத்தில் கிடையாது.

ஆனால் நல்ல செய்தியும் இருக்கிறது. உங்கள் மனைவியே இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

ஐந்து நாள் கணக்கு

அழைக்காமல் வீட்டுக்கு வந்து விற்பவரிடம் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை நேரடி விற்பனை என்பார்கள். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டத்தின்கீழ் 2009இல் வந்த விதிமுறைகள், அப்படி வாங்கியவருக்கு ஐந்து நாள் அவகாசம் தருகின்றன. சனி, ஞாயிறு, பொது விடுமுறை இந்த ஐந்தில் சேராது. காரணமும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மனைவி வெள்ளி இரவு கையெழுத்துப் போட்டார். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு என்று எண்ணினால் அடுத்த வெள்ளியோடு ஐந்து முடிகிறது. நடுவில் விடுமுறை வந்தால் ஒரு நாள் கூடும்.

இந்த உரிமை இருப்பதை ஒரு தகவல் அறிவிப்பின் மூலம் வாங்குபவருக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை. அதை அவர் கண்ணில் காட்டவே இல்லை என்றால் அவகாசத்தின் கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மனைவியிடம் இருக்கும் தாள்களில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐந்து நாளுக்குள் முடித்துவிடுவதே எனக்குப் பிடித்த வழி. 'அறிவிப்புக் கொடுத்தோம், கொடுக்கவில்லை' என்ற வாக்குவாதத்தில் போய் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

கடிதம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து உங்கள் மனைவியுடையதாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் எண், தேதி, பொருளின் பெயர், "இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், செலுத்திய தொகையைத் திருப்பித் தரவும்" என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், இல்லையென்றால் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். தொலைபேசியில் "சரி சரி, ரத்து பண்ணிட்டோம்" என்று சொன்னால் நம்பி உட்காரக்கூடாது. இயந்திரம் மாட்ட வருபவர்களைப் பணிவாகத் திருப்பி அனுப்புங்கள். மாட்டிய பிறகு கழற்றுவது வீண் தலைவலி.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். துணை அட்டையில் ஏறும் செலவுக்கு, அட்டை ஒப்பந்தப்படி வழக்கமாக முதன்மை அட்டைதாரரே பொறுப்பு. "நான் வாங்கவில்லை" என்று வங்கியிடம் சொல்வதில் பயனில்லை. ஒப்பந்தம் ரத்தாகிவிட்டது என்று ரத்துக் கடிதத்தின் நகலோடு எழுதித் தெரிவித்து, தவணையை நிறுத்தக் கேளுங்கள்.

நிறுவனம் இழுத்தடித்தால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். அவர்கள் நடுவிலிருந்து பேசிப் பார்ப்பார்கள். அதுவும் நடக்காவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். உங்கள் தொகைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளிதான். அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை. என் தொழிலுக்கு நட்டம்தான், ஆனால் உங்களுக்கு நல்லது.

ஏழு நாள் என்று உங்கள் நண்பர் சொன்னது? அப்படிப் பொதுவான சட்டம் எதுவும் இங்கே இல்லை. கடையில் நீங்களே போய் வாங்கியதை மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது அந்தக் கடையின் கொள்கையைப் பொறுத்தது. இணையத்தில் வாங்குவதும் அப்படித்தான். பொருளில் குறை இருந்தால் கதை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பழுப்புத் தண்ணீர்

உங்கள் மனைவி ஏமாளி என்ற தொனி கடிதம் முழுக்க இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. அந்த வித்தை, அறிவியல் படித்தவர்களையும் ஒரு நிமிடம் திகைக்க வைக்கும். நீங்கள் பொறியாளர், சொன்னால் உடனே புரியும். குழாய் நீரில் கரைந்துள்ள தாதுக்கள் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் ஓடியதும் இரும்புக் கம்பி அரித்துத் துருவாக நீரில் இறங்கும். பழுப்பு நிறம் கம்பியிலிருந்து வந்தது. தாதுக்களை நீக்கிய நீரில் மின்சாரம் சரியாக ஓடாது, ஆகவே அது தெளிவாக நின்றது. அவர்களின் 'சுத்தமான' குவளையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும்.

சிங்கப்பூர்க் குழாய் நீரை வடிகட்டாமல் அப்படியே குடிக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டே நாட்டின் நீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் அதை விநியோகிக்கிறது. கழகம் வீடு வீடாக வடிகட்டி விற்பதும் இல்லை. வந்தவர்கள் கழகத்திலிருந்து வருவதாகச் சொன்னார்களா, அல்லது அப்படி நினைக்கும்படி மட்டும் பேசினார்களா என்று மனைவியிடம் நிதானமாகக் கேட்டு எழுதி வையுங்கள். பொய்யான தகவல் சொல்லி விற்பது, முன்பு சொன்ன பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நியாயமற்ற நடைமுறை. ஐந்து நாள் தவறிப்போனவர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது, நிரூபிக்கத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டும்.

செலவுக் கணக்கு உங்களுக்குப் பிடிக்குமே. 2025 ஏப்ரல் முதல் வீட்டுக் குழாய் நீர், மாதம் 40 கன மீட்டர் வரை, கன மீட்டருக்கு 3.24 வெள்ளி. 9 விழுக்காடு ஜிஎஸ்டியைச் சேர்த்தால் ஆயிரம் லிட்டர் ஏறக்குறைய மூன்றரை வெள்ளி. குடிக்கவும் சமைக்கவும் நாளைக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் ஆண்டுக்குப் பதின்மூன்று வெள்ளி ஆகும். 2,880 வெள்ளியை இதோடு ஒப்பிட்டு மனைவியிடம் காட்டுங்கள், ஆனால் குத்திக் காட்டாமல். மகளின் வயிற்றுவலிக்கு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் மனைவியைக் கையெழுத்துப் போட வைத்தது அந்தப் பயம்தான். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு அரை வரிதான் இருக்கிறது.

யாருடைய பணம், யாருடைய பொருள்

"என் அட்டை, அதனால் என் பொருள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நடைமுறையில் இந்தக் கேள்வி மணமுறிவின்போதுதான் நீதிமன்றத்துக்கு வருகிறது. அப்போதும் யார் அட்டையைத் தேய்த்தது என்பதோடு விஷயம் முடியாது. வீட்டைப் பார்த்துக்கொண்டது, பிள்ளையை வளர்த்தது என்று பணமாக இல்லாத பங்களிப்பும் கணக்கில் வரும். வீட்டுச் செலவுக்குக் கணவர் கொடுக்கும் பணத்திலிருந்து வாங்கிய பொருள், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், இருவருக்கும் சரிபாதி என்றும் மாதர் சாசனம் சொல்கிறது. உங்கள் வீடு அந்தக் கட்டத்தில் இல்லை. ஆகவே இந்தக் கேள்வியை இங்கேயே விட்டுவிடுவோம்.

500 வெள்ளி ஒப்பந்தம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 1919இல் இங்கிலாந்தில் பால்ஃபர் என்ற தம்பதியின் வழக்கு ஒன்று வந்தது. கணவர் உங்களைப் போலப் பொறியாளர், இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் இருந்தவர். உடல்நலக் குறைவால் இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்னார், பிறகு நிறுத்திவிட்டார். மனைவி வழக்குப் போட்டார், தோற்றார். சேர்ந்து வாழும் கணவன் மனைவி தங்களுக்குள் செய்துகொள்ளும் அன்றாட ஏற்பாடுகளைச் சட்டம் ஒப்பந்தமாக எடுத்துக்கொள்வதில்லை என்றது நீதிமன்றம். சட்டக் கல்லூரியில் முதலாண்டிலேயே படிக்கும் வழக்கு இது. ஆகவே நீங்கள் எழுதி வாங்கும் தாளை நீதிமன்றத்தில் காட்டிப் பயனில்லை.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அந்தத் தாளில் ஒரு பக்கம் மட்டும்தானே கையெழுத்துக் கேட்கிறீர்கள்? 500 வெள்ளிக்கு மேல் போனால் இருவரும் ஒரு இரவு தள்ளிப்போட்டுப் பேசிவிட்டு வாங்குவது என்று வாய்வார்த்தையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அதே விதி. வாசலில் விற்பவரிடம் சொல்ல அவருக்கும் ஒரு வாக்கியம் கிடைக்கும்: "எங்கள் வீட்டில் இரண்டு பேரும் பேசித்தான் வாங்குவோம், தாளைக் கொடுத்துவிட்டுப் போங்கள்." அன்று இரவு அவரிடம் அந்த வாக்கியம் இருந்திருந்தால் கதை வேறு.

எட்டு மாத ஆராய்ச்சி

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பழைய சலவை இயந்திரம் தண்ணீரை வெளியேற்றுவதில்லை, மனைவி வாளியில் மொண்டு ஊற்றுகிறார், கனமான போர்வைகளைப் பக்கத்து புளோக்கின் கீழே உள்ள காசு போடும் சலவைக் கடைக்குத் தூக்கிப் போகிறார், வாரம் 12 வெள்ளி ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மனைவி செலவாளி என்பதற்குச் சான்றாக! எட்டு மாதம் என்றால் ஏறக்குறைய 35 வாரம். 420 வெள்ளி. ஆண்டிறுதிச் சலுகைக்குக் காத்திருந்தால் 80 வெள்ளி மிச்சம் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

வாங்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதை இதுவரை உங்கள் மனைவிதான் கொடுத்திருக்கிறார், பணமாகவும் முதுகுவலியாகவும். வீட்டில் எதையும் கேட்டால் 'பார்க்கிறேன், ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்ற பதிலே வரும்போது, வாசலில் ஒருவர் வந்து "இன்றே முடித்துவிடலாம்" என்று சொல்வது எவ்வளவு இதமாக இருந்திருக்கும்! இது என் ஊகம்தான். அவரிடம் கேட்டுப் பாருங்கள். என் வீட்டிலும் இப்படி ஒரு ஆராய்ச்சியாளர் உண்டு. மேசைக் கிரைண்டருக்கு அவர் ஓராண்டு எடுத்துக்கொண்டதில், நாங்கள் தேக்காவில் மாவு பாக்கெட் வாங்கியே இரண்டு கிரைண்டருக்கான பணத்தைச் செலவழித்துவிட்டோம்.

நீங்கள் அனுப்பிய ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்தேன். உண்மையிலேயே அருமையான வேலை. விலை, நீர்ச் சிக்கன டிக் (டிக் கூடக்கூடத் தண்ணீர் மிச்சம்), சுழல் வேகம், ஒலி என்று ஒன்பது பத்திகள். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்ற பத்தி இல்லை. முன்பக்கக் கதவு இயந்திரங்கள் தண்ணீரைக் குறைவாக எடுக்கும், ஆனால் பருத்தித் துணிச் சுற்று பலவற்றில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். மகள் தூங்கிய பிறகு ஒன்பது மணிக்கு இயந்திரத்தைப் போடுபவர் எத்தனை மணிக்குத் துணியை மூங்கில் கழியில் காயப்போடுவார்? குனிந்து எடுக்க வேண்டுமா, நின்றபடி எடுக்கலாமா என்ற பத்தியும் இல்லை. துவைப்பவர் நீங்களாக இருந்திருந்தால் முதல் பத்தியே அதுவாக இருந்திருக்கும்.

சில நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சிக்கனமான வீட்டுச் சாதனங்கள் வாங்க அரசு தந்த பருவநிலைப் பற்றுச்சீட்டுகளை இன்னும் பயன்படுத்தவில்லை என்கிறீர்கள். சிங்கப்பூரர் வசிக்கும் வீவக வீடுகளுக்கு 2024இல் 300 வெள்ளியும் 2025இல் இன்னும் 100 வெள்ளியும் கொடுத்தார்கள். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். நான்கு டிக் நீர்ச் சிக்கனச் சலவை இயந்திரத்துக்கு, பங்கேற்கும் கடைகளில், அதைப் பயன்படுத்தலாம். நீங்கள் காத்திருக்கும் 80 வெள்ளியைவிட இது ஐந்து மடங்கு.

இணையத்தில் தனிநபரிடமிருந்து பழைய இயந்திரம் வாங்கும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்பவர் வேலை. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அது முடியாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்ப. கடையின் காட்சிப் பொருளுக்கும், வியாபாரி விற்கும் பழைய பொருளுக்கும்கூட இது பொருந்தும், முன்பே உங்களிடம் சுட்டிக்காட்டிய குறை தவிர. ஆனால் தனிநபர் தனிநபருக்கு விற்பதை இந்தச் சட்டம் தொடாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வெப்பத்தில் எழுத்து மங்கும் ரகமாக இருந்தால் அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

துணி துவைக்கும் மூலையின் அகலம் 62 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். இயந்திரத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், கழிகள் எங்கே சாய்ந்திருக்கின்றன, குழாய் எட்டுமா என்பதெல்லாம் மனைவிக்குத்தான் தெரியும். இந்தச் சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். 14 மாடல்களை மூன்றாக்கி எடுத்துப் போங்கள், மூன்றில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.